முதலாவது பழைய மாணவி

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள நமுனுகுலைப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விஞ்ஞானப் பீடத்தில் நிலைமை பின்வருமாறு இருந்தது: நான்கு ஆண்டுகள் கற்று இறுதிப் பரீட்சையையும் எழுதி முடித்த மாணவர் பத்தொன்பதின்மர் இருந்தனர்; அவர்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் எழுவர் இருந்தனர்; திருத்தப்பட்ட விடைத்தாள்கள் இரும்பு அலுமாரி ஒன்றில் பூட்டப்பட்டிருந்தன; பாடவிதானம் மட்டும் இருக்கவில்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பீடத்தைத் திறந்துவைக்க வரவிருந்த பிரமுகரின் நேரம் முன்னரே உறுதியாகியிருந்தது. பாடவிதானத்தின் நேரம் உறுதியாகியிருக்கவில்லை. பிரமுகரைத் தள்ளிவைப்பது மரபன்று என்பதால் பாடவிதானம் தள்ளிவைக்கப்பட்டது. மாணவர் சேர்க்கப்பட்டனர். விரிவுரையாளர்கள் தத்தமக்குத் தெரிந்ததைக் கற்பித்தனர். மாணவர்கள் அதைக் கற்றனர். அங்கீகரிக்கப்பட்ட பாடவிதானம் இல்லாத பட்டத்துக்குப் பெறுபேறு வெளியிட இயலாது என்பதைப் பரீட்சைக் கிளை நான்காம் ஆண்டின் இறுதியில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த அலுவலருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

அப்பத்தொன்பதின்மருள் ஒருத்தி பாக்கியலெட்சுமி. ஹல்துமுல்லைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், கொழுந்து பறிக்கும் தாய் இராக்கம்மாவுடன் வசித்தவள். அவ்வாண்டு மாகாணத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளும் அறிவித்தல் வெளியாகியிருந்தது. தோட்டத்துக்குக் கீழேயுள்ள பாடசாலையின் உயர்தர வகுப்புக்கு உயிரியல் ஆசிரியர் ஒருவர் தேவை என்பது அதில் முதன்முறையாக இடம்பெற்றிருந்தது. அப்பாடசாலையில் உயிரியல் கற்க விரும்பிய பிள்ளைகள் அதுவரை பண்டாரவளைக்குச் சென்றனர். செல்ல வசதியில்லாதோர் உயிரியல் கற்க விரும்பவில்லை. விண்ணப்பத்தோடு பட்டப் பெறுபேற்றை இணைத்து டிசெம்பர் 29ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். பாக்கியலெட்சுமிக்கு வேண்டியிருந்தது அப்பெறுபேறு ஒன்றுதான்.

பிரதிப் பதிவாளர் திருமதி கலாராணி அவளைத் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"பாக்கியலெட்சுமிதானே? பாடவிதானக் கமிட்டிக்கு உங்கள மாணவர் பிரதிநிதியாப் போட்டிருக்கு. செவ்வாக்கிழம வாங்க."

"மேடம், ரிசல்ட்ஸ் எப்ப வரும்னு…"

"அதுக்குத்தாம்மா இந்தக் கமிட்டியே. நீங்க வந்து ஒக்காந்தா சீக்கிரம் முடியும்."

பெரகல சந்தியில் பஸ் மாறி, அப்புத்தளை ஏற்றத்தில் நின்றபடியே பயணம் செய்து, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக அவள் மண்டபத்தை அடைந்தாள். வளைந்த நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் பேராசிரியர்கள் அமர்வதற்கான மெத்தைக் கதிரைகள் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் நான்கு இருந்தன. அவற்றின் முதுகில் 'தொழில்வழங்குநர்', 'சமூகம்', 'மாணவர்', 'பழைய மாணவர்' என்று அட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. இந்நால்வரும் பல்கலைக்கழக நடைமுறையில் 'அக்கறையுடையோர்' எனப்படுவர். மெத்தைக் கதிரையில் அமர்வோருக்கு அவ்வாறான பெயர் எதுவும் இல்லை.

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்பு நடனம் நிகழ்ந்தது. குழுத் தலைவர் பேராசிரியர் சின்னராசா எழுந்து பேசினார்.

"நானும் லயத்துல பொறந்தவன்தான். அத நான் எங்கயும் மறைக்கிறதில்ல. ஜெனீவாவுல சொல்லியிருக்கேன், எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. அந்த லயத்துப் புகை இன்னும் என் கண்ணுல இருக்கு. அதனாலதான் நான் தோட்டப் பக்கம் போறதில்ல. போனா அழுதுருவேன்."

பேராசிரியரின் தந்தை, மகன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே தோட்டத்தை விட்டுக் கண்டிக்குச் சென்று துணிக்கடை வைத்தவர். அம்மூன்று மாத அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு பேராசிரியர் பதினொரு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார்.

அடுத்துப் பேசியவர் தர உறுதிப்பாட்டுப் பணிப்பாளர் கலாநிதி ஜஸீல். பாடவிதானம் அமைக்கும் முறையை இரண்டு வாரம் வெளிநாட்டில் பயின்று வந்தவர்.

"பாடத்தப் பத்திப் பேசுறது பழைய முறை. இப்ப முதல்ல பட்டதாரியப் பத்திப் பேசணும். நம்மட பட்டதாரி எப்பிடிப்பட்ட ஆளா இருக்கணும்? அத முடிவு செஞ்சா பாடம் தன்னால வரும்."

பட்டதாரி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைக் குழு இரண்டு நாள் ஆராய்ந்தது. அவர் தலைமைத்துவம் உடையவர். முரண்பாடுகளைப் புன்னகையால் தீர்ப்பவர். மாறிவரும் உலகுக்கேற்ப மாறுபவர். மாறாத விழுமியங்களைக் கொண்டவர். 'உயிரினங்களைப் பற்றி அறிந்தவர்' என்பதையும் சேர்க்கலாமா என்று விரிவுரையாளர் ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அறிந்தவர்னு போட்டா அளக்க ஏலாது," என்றார் ஜஸீல். "அளக்க ஏலாதத நாம வைக்கிறதில்ல."

பாக்கியலெட்சுமி கையை உயர்த்தினாள். மாணவர் கதிரையிலிருந்து கை உயர்வது முன்னெப்போதும் நிகழாததாகையால் திருமதி கலாராணி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், அந்தப் பட்டதாரி நாங்கதானே? பத்தொன்பது பேரும் படிச்சு முடிச்சிட்டோம். நான் இங்கதான் இருக்கேன். என்னைப் பாத்தே எழுதலாமே சார்."

ஜஸீல் கனிவோடு சிரித்தார்.

"இல்ல தங்கச்சி. நீங்க இருக்கிற ஆள். இது வரப்போற ஆள். ரெண்டையும் போட்டுக் கொழப்பப்படாது."

மூன்றாம் அமர்வில் பாடங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தாவரவியல் பேராசிரியரும் விலங்கியல் பேராசிரியரும் குளிர்சாதனப் பெட்டியொன்றின் உரிமை தொடர்பாக எட்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்கள். தாவரவியலார் முன்மொழிந்த பாடங்கள் ஒவ்வொன்றையும் விலங்கியலார் எதிர்த்தார். விலங்கியலார் முன்மொழிந்தவற்றைத் தாவரவியலார் எதிர்த்தார். இருவரும் திறமைசாலிகளாகையால் இருவரும் வென்றனர். மாலையில் உயிரியல் பட்டத்தில் தாவரங்களும் இல்லை, விலங்குகளும் இல்லை என்னும் நிலை தோன்றியது. வெற்றிடமான கிரெடிட்டுகள் வீணாகக் கூடாது என்பதால் அவை தொழில்முனைவு, மேடைப்பேச்சு, நேர்முகப் பரீட்சையில் அமரும் முறை ஆகியவற்றுக்கு வழங்கப்பட்டன. இது ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதாக எதுவும் நிறைவேறுவது எட்டு ஆண்டுகளில் அதுவே முதன்முறை என்பதால் அனைவரும் எழுந்து கைகுலுக்கினர்.

விலங்கியலாரின் மனம் முற்றாக நோகக் கூடாது என்று தவளை மட்டும் விட்டுவைக்கப்பட்டது. ஆயினும் தவளையை அறுப்பது நெறிமுறைக் குழுவுக்கு உடன்பாடன்று. ஆகவே கணினித் திரையில் தவளையை அறுக்கலாம் என்று தீர்மானித்தனர். அந்த மென்பொருளை வாங்குவதற்கு ஒதுக்கீடு இல்லை. ஆகவே தவளையின் படத்தைக் காட்டலாம் என்றனர். படத்துக்குப் பதிப்புரிமை இருப்பதாகச் சட்ட அலுவலர் எச்சரித்தார். பின்னர், தவளையைக் காணாமை தம்முள் எத்தகைய எண்ணங்களைத் தோற்றுவிக்கிறது என்பதை மாணவர் ஆயிரம் சொற்களில் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று.

"இதுதான் உயர்நிலைச் சிந்தனை," என்றார் ஜஸீல். "தவளை இருந்தா பிள்ளைகள் தவளையத்தான் பாக்கும். சிந்திக்காது."

அன்று தேநீர் இடைவேளையில் பாக்கியலெட்சுமி பெட்டிஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திருமதி கலாராணியிடம் சென்றாள்.

"மேடம், டிசெம்பர் இருபத்தொம்பதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடியணும்மா. எனக்கும் லீவு போடணும்."

நவம்பரில் சமூகக் கலந்தாலோசனை நடைபெற்றது. விதிப்படி அது சமூகம் இருக்கும் இடத்தில் நடைபெற வேண்டும். இடத்தைத் தேடி அலையாமல் பாக்கியலெட்சுமியின் தோட்டத்தையே குழு தெரிவுசெய்தது. இரண்டு வான்களில் சென்றது. காலைப் பெரட்டு என்னும் வேலைப் பங்கீட்டுக்குத் தொழிலாளர் கூடும் மைதானத்தில் பெண்கள் முப்பதின்மர் கூடைகளோடு நிறுத்திவைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சிங்களத்துக்குச் சென்று, அங்கிருந்து தமிழுக்கு வந்திருந்த கேள்வியைத் திருமதி கலாராணி உரத்து வாசித்தார்.

"உயிர்ப்பல்வகைமைசார் நிலைபேறான விழுமியங்களைப் பட்டதாரியிடம் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கிறீர்கள்? மிகவும், ஓரளவு, இல்லை."

முன்வரிசையில் நின்ற கருப்பம்மா பக்கத்தில் நின்றவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஓரளவுன்னு போட்டுக்கங்கம்மா. நடுவுல நின்னா ஒருத்தரும் ஏசமாட்டாங்க."

மற்ற இருபத்தொன்பதின்மரும் ஓரளவே எதிர்பார்த்தனர். அதன்பின் இராக்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னே வந்தாள்.

"ஏங்கய்யா, எம் மக பாஸா ஃபெயிலா?"

"அம்மா," என்றார் பேராசிரியர் சின்னராசா, குரல் தழுதழுக்க, "நானும் லயத்துல பொறந்தவன்தான்."

"அப்ப நல்லதாப் போச்சுங்க. வெவரம் தெரிஞ்ச ஆளு. சொல்லுங்க, பாஸா ஃபெயிலா?"

பெண்கள் சிரித்தனர். பேராசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். 'மதிப்பீட்டு முறைகளில் சமூகம் ஆழ்ந்த ஆர்வம் காட்டுகிறது' என்று திருமதி கலாராணி எழுதிக்கொண்டார்.

அவ்வேளையில் ஜஸீலின் காலுறைக்கு மேலே அட்டை ஒன்று ஏறியிருந்தது. அது இரத்தம் குடித்து முடித்துத் தானாகக் கீழே விழுந்த பின்னரே அவர் அதைக் கண்டார். கண்டவுடன் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கணமே கலந்தாலோசனை நிறைவுற்றதாகக் கருதப்பட்டது. திரும்பும் வழியில், ஹல்துமுல்லை நகரைத் தாண்டுமுன்னரே, களப்பயிற்சிக்கான விதி திருத்தப்பட்டது: மாணவர் இயற்கைச் சூழலை ஊர்தியின் உள்ளிருந்து, கண்ணாடிகள் ஏற்றப்பட்ட நிலையில், அவதானித்தல் வேண்டும், ஊர்தி நிற்றல் கூடாது. மாணவர் கதிரைக்குரியவள் என்ற முறையில் பாக்கியலெட்சுமியும் அதே வானில் ஏற்றப்பட்டாள். வீடு பின்னால் இருந்தது. வருகைப் பதிவில் கையொப்பமிடுவதற்குப் பதுளை வரை சென்று மீண்டும் பஸ்ஸில் வந்தாள்.

"என்னாடி சொன்னானுக?" என்று இராக்கம்மா கேட்டாள்.

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சாம்மா."

"ஃபெயிலுன்னாலும் சொல்லித் தொலைக்கச் சொல்லு. நாலு வருசமா சாமிகிட்ட பாஸாக்கு, பாஸாக்குன்னு கேட்டுட்டேன். இப்ப என்னத்தக் கேக்குறதுன்னே தெரியல."

டிசெம்பர் 12ஆம் திகதி செவ்வாய்க்கிழமை இறுதி அமர்வு கூடியது. பாடவிதானம் முந்நூறு பக்கங்களைக் கடந்த தடித்த நூலாக மேசைமீது இருந்தது. எஞ்சியிருந்தது ஒன்றே: நான்கு அக்கறையுடையோரும் தத்தம் கதிரைகளில் அமர்ந்து ஒப்பமிட வேண்டும். ஒரு கதிரை வெறுமையாக இருந்தாலும் அமர்வு செல்லாது. அமர்வு செல்லாவிடின் பாடவிதானமும் செல்லாது.

தொழில்வழங்குநராகப் பதுளைக் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மொஹிதீன் ஹாஜியார் வந்திருந்தார். பட்டதாரியிடம் தொழிற்றுறை எதிர்பார்ப்பது யாது என்று அவரிடம் வினவப்பட்டது.

"நமக்கு பில் போடத் தெரிஞ்ச, வாய் காட்டாத பிள்ளை போதும்," என்றார் அவர். அது இரண்டு கிரெடிட் பெறுமதியான பாடமாக அங்கேயே சேர்க்கப்பட்டது.

சமூகத்தின் கதிரையில், வானில் அழைத்துவரப்பட்ட கருப்பம்மா அமர்ந்திருந்தாள். மாணவர் கதிரையில் பாக்கியலெட்சுமி அமர்ந்திருந்தாள். நான்காம் கதிரையில் எவரும் இல்லை.

"பழைய மாணவர் எங்க?" என்று தலைவர் கேட்டார்.

"யாரும் இல்ல சார்," என்றார் கலாராணி. "இந்தப் பட்டத்துக்குப் பழைய மாணவர்னு ஒருத்தரும் கிடையாது. இன்னும் யாரும் பட்டம் வாங்கல."

"ஏன் வாங்கல?"

"பாடவிதானம் இல்லாததால சார்."

"பாடவிதானந்தான் இந்தா இருக்கே."

"பழைய மாணவர் ஒப்பம் வைக்கலியே சார்."

தலைவர் சற்று நேரம் சிந்தித்தார். இதில் முறைகேடு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "அப்ப பெப்ரவரியில பாப்போம்," என்று எழுந்தார்.

பாக்கியலெட்சுமியும் எழுந்தாள்.

"சார், இருபத்தொம்பதாந் திகதி டீச்சிங்குக்கு எப்ளிகேசன் குளோஸ் சார். எங்கூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருக்காங்க. இனி எப்பப் போடுவாங்கன்னு தெரியாது. பெப்ரவரின்னா ஒன்னும் ஆகாது சார்."

மற்றவர்களின் சிக்கலைத் தீர்ப்பதில் ஜஸீலுக்கு உண்மையான விருப்பம் உண்டு. அவர் வழிகாட்டி நூலைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பழைய மாணவர்னா இந்த நிறுவனத்துல கற்கைய முடிச்ச ஆள்னுதான் போட்டிருக்கு. பட்டம் வாங்கின ஆள்னு போடல. தங்கச்சி, நீங்க கற்கைய முடிச்சிட்டீங்க தானே?"

"முடிச்சிட்டேன் சார்."

"இனி லெக்சர் ஒன்னும் இல்ல தானே?"

"இல்ல சார்."

"அப்ப அந்தக் கதிரையில ஒக்காருங்க. இன்னைக்கே முடிப்போம்."

மாணவர் கதிரையை நிரப்புவதற்கு, பதுளை நகரிலேயே வீடு கொண்ட அவளது வகுப்புத் தோழி ஷிப்னா தொலைபேசியில் அழைக்கப்பட்டாள். தந்தையின் கடையிலிருந்த ஷிப்னா முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் வந்துசேர்ந்தாள். அதற்குள் பாக்கியலெட்சுமி இடம் மாறி அமர்ந்திருந்தாள்.

"நா எதுல ஒக்கார?" என்று ஷிப்னா மெல்லக் கேட்டாள்.

"நான் இதுல ஒக்காந்துட்டேன்டி. நீ அதுல ஒக்காரு."

"ரெண்டும் ஒன்னுதானே."

"ஒன்னுதான். சைன் வச்சிட்டு ஓடிருவோம்."

நால்வரும் ஒப்பமிட்டனர். பாடவிதானம் நிறைவேறியது. பேராசிரியர் சின்னராசா, தோட்டத்தின் மகள் ஒருத்தி இப்பீடத்தின் முதலாவது பழைய மாணவியாகத் திகழ்வது தம் வாழ்நாள் கனவு என்று பேசினார். ரோல்ஸ் பரிமாறப்பட்டது. கருப்பம்மா இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டிசெம்பர் 20ஆம் திகதி பெறுபேறு வெளியானது. அறிவித்தற் பலகையில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. பாக்கியலெட்சுமி பலகையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்தாள். பின்னர் திருமதி கலாராணியின் அறைக்குச் சென்றாள்.

"உங்க பேரு மாணவர் பதிவுல இல்லம்மா," என்றார் கலாராணி. "பன்னெண்டாந் திகதியில இருந்து நீங்க பழைய மாணவி. கூட்டக் குறிப்புல இருக்கு. பழைய மாணவருக்கு ரிசல்ட்ஸ் வராது. வந்து முடிஞ்சிருக்கணும்."

"எனக்கு வரலியே மேடம்."

"வராமயே முடிஞ்சிருச்சு."

"என் பேப்பரு அந்த அலுமாரிக்குள்ளதானே மேடம் இருக்கு? தொறந்து பாருங்க. நான் பாஸ்தான்."

"பாஸ்தாம்மா. நானே பாத்தேன். நல்ல பாஸ். பேப்பர் இருக்கு, மாணவர்தான் இல்ல."

அவள் தலைவரிடம் சென்றாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மாணவராயிருந்தபோது அவளுக்கு அம்மரியாதை கிடைத்ததில்லை.

"சார், என்னைய அந்தக் கதிரையில இருந்து எறக்கி விட்டுருங்க."

"எறங்கலாம்மா, தாராளமா எறங்கலாம். ஆனா நீங்க எறங்கினா நாலாவது கதிரை காலி. கதிரை காலின்னா அன்னைக்குக் கூட்டமே செல்லாது. கூட்டம் செல்லாதுன்னா பாடவிதானம் இல்ல. பாடவிதானம் இல்லன்னா மத்த பதினெட்டுப் பேருக்கும் ரிசல்ட்ஸ் இல்ல. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு மனசு வருமா?"

"எனக்கு மட்டும் ரிசல்ட்ஸ் இல்லாமப் போச்சே சார். அதுக்கு யாருக்காச்சும் மனசு வந்துச்சா?"

"தியாகம்னா என்னான்னு நம்ம சனத்துக்கு யாரும் சொல்லிக் குடுக்கணுமா? நானும் லயத்துல…"

"பொறந்தவருதான் சார். தெரியும்."

அவ்வார ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழர் அறுவர் பதுளையிலிருந்து வாடகை வானில் லயத்துக்கு வந்தனர். ஷிப்னா பெரிய பட்டர் கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். இராக்கம்மா அவர்களுக்குப் பாய் விரித்தாள், பிளேன்டீ ஊற்றினாள். கேக்கை எவரும் வெட்டவில்லை. நெடுநேரம் மழையைப் பற்றியும் ஹல்துமுல்லைப் பாதையில் மண் சரிந்த இடத்தைப் பற்றியும் பேசினர்.

"நீ மூதவைக்கு அப்பீல் எழுதப் போறியாமே," என்று முடிவில் ஷிப்னா கேட்டாள். மூதவை என்பது பல்கலைக்கழகத்தின் மேன்முறையீடுகளையெல்லாம் தீர்க்கும் பேராசிரியர் அவை.

"எழுதிட்டேன்."

"வாப்பிஸ் எடுக்க ஏலாதா?"

"ஏன்டி?"

"எனக்கு நிக்காஹ் பேசி ஈக்கி. டிகிரி முடிச்ச பிள்ளைன்னுதான் பேசினாங்க. மத்தாக்கள் எல்லாம் எப்ளிகேசன் போட்டாச்சு. நீ அப்பீல் வென்டா நாங்க எல்லாரும் தோத்துருவோம் பாக்கியம். நீ தோத்தா நீ மட்டும்தானே."

"கணக்கு சரியாத்தான் இருக்கு."

"கோவமா?"

"அந்தக் கதிரையில நீ ஒக்காந்திருந்தா நானும் கேக் வாங்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்திருப்பேன். இவ்வளவு பெருசா வாங்கியிருக்க மாட்டேன்."

ஷிப்னா அழுதாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தனர். இராக்கம்மா கேக்கை எடுத்து ஷிப்னாவின் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போ தாயி. இது பாஸான வீட்டுல வெட்டுறது."

பாக்கியலெட்சுமி மேன்முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. டிசெம்பர் 29 கடந்தது. பதினெண்மரும் ஒப்பமிட்ட எதிர்மனு ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. முதலாவது ஒப்பம் ஷிப்னாவினுடையது. நிறுவனத்தின் நற்பெயருக்கும் மாணவரின் எதிர்காலத்துக்கும் பழைய மாணவர் இடையூறாக இருத்தல் தகாது என்று அதில் கண்டிருந்தது. அதன் நடை சிறப்பாக இருப்பதாகவும், புதிய பாடவிதானம் எதிர்பார்க்கும் தலைமைத்துவம் இம்மாணவரிடம் ஏற்கெனவே காணப்படுவதாகவும் ஜஸீல் ஓரத்தில் குறிப்பெழுதினார்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி மூதவை கூடி முடிவு செய்தது. மேன்முறையீடு செய்தவர் அழைக்கப்படவில்லை. மாணவர் தொடர்பான விடயங்களுக்கு மாணவரை மட்டுமே அழைக்கலாம். உயிரியல் விஞ்ஞானமாணிப் பாடவிதானம் உறுதிப்படுத்தப்பட்டது. பதினெண்மரின் பட்டங்களும் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டது. பாக்கியலெட்சுமி முதலாவது பழைய மாணவி என்னும் நிலையில் தொடர்வார். அந்நிலையைத் துறக்கும் உரிமை அவருக்கு இல்லை. விரும்பினால் அவர் புதிதாக விண்ணப்பித்து முதலாம் ஆண்டில் சேரலாம். ஆயினும் அனுமதிக்குரிய உயர்தரப் பெறுபேற்றின் காலம் கடந்துவிட்டமையால் அவ்விண்ணப்பம் ஏற்கப்படமாட்டாது. பாடவிதானம் ஐந்தாண்டுக்கொருமுறை மீளாய்வு செய்யப்படும் போதெல்லாம் அவர் சமுகமளித்து ஒப்பமிட வேண்டும். தோட்டத்துக்குக் கீழேயுள்ள பாடசாலையின் உயிரியல் ஆசிரியர் பதவிக்குத் தகுதியான விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்று அறியக்கிடைத்தது. அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பன்று எனக் குறித்துக்கொள்ளப்பட்டது. பாக்கியலெட்சுமி நான்கு ஆண்டுகள் உயிரியல் கற்றாரா என்னும் கேள்வி நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாமையால் ஆராயப்படவில்லை. கூட்டம் மதிய உணவுக்காகக் கலைந்தது.